முள் விழுந்த வண்டியில் ஏழு நாள்

முதல் நாள்: சமவெளி, 310 கி.மீ.

காலையில் கிளம்பும்போது என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. எவ்வளவு சீக்கிரம் ஐந்தாவது கியருக்குப் போகிறோமோ அவ்வளவு பெட்ரோல் மிச்சம்; போன பிறகு, நிற்க வேண்டிய இடம் வரும்வரை இறங்கவே கூடாது. பகல் 11 மணிக்கு ஒரு லாரியின் பின்னால் அந்தக் கொள்கை செத்துப்போனது.

நாங்கள் இருவர், வண்டிகள் இரண்டு. என்னுடையது 200 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. பிஸ்டனின் விட்டம் அகலம், ஓட்டம் குறைவு. சுற்றச் சுற்றத்தான் உயிர் வரும் வகை. ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. 6500 ஆர்பிஎம்மில் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், உச்சம்; 8500இல் குதிரைத்திறன் உச்சம்; 9500இல் சிவப்புக் கோடு, அதற்கு மேல் சுற்றவிடக் கூடாது. உடன் வரும் அண்ணனுடையது 350 சிசி. அதுவும் ஒற்றை சிலிண்டர்தான், ஆனால் பிஸ்டன் ஓட்டம் நீளம், ஃப்ளைவீல் கனம், பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். 4000 ஆர்பிஎம்மிலேயே அதன் முழு இழுவையும் வந்துவிடும். நான் 5000இல் கத்திச் சொல்வதை அவர் 2500இல் முணுமுணுத்துவிடுவார்.

லாரி 50இல் போய்க்கொண்டிருந்தது. நானும் 50, ஐந்தாவது கியர், ஆர்பிஎம் முள் 3000இல். எதிரே நெடுந்தூரம் காலி. அண்ணன் முந்திப் போய்விட்டார். நானும் வண்டியை வெளியே எடுத்து ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினேன். வண்டி தொண்டையைச் செருமியது. டேங்க் அதிர்ந்தது, செயின் படபடத்தது, வேகமுள் 52, 53 என்று தயங்கித் தயங்கி ஏறியது. லாரியின் பாதி நீளத்தைக் கடப்பதற்குள், காலியாக இருந்த சாலையின் கோடியில் ஒரு பஸ் புள்ளியாகத் தெரிந்தது. புள்ளி பெரிதாக ஆரம்பித்தது. பிரேக் பிடித்து, பழையபடி லாரிக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். லாரி ஓட்டுநர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

அடுத்த முறை, லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே மூன்றாவதுக்கு இறக்கினேன். முள் 4600ஐத் தாண்டிக் குதித்தது. வழி கிடைத்ததும் திருகினேன். அது வேறு வண்டி.

இரவு யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிமையானது. நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 25 வெடிப்பு, 6000இல் 50. ஒவ்வொரு வெடிப்பும் எவ்வளவு பெரியது என்பதை ஆக்சிலரேட்டரைத் திருகும் கை தீர்மானிக்கிறது. நொடிக்கு எத்தனை என்பதைக் கியர் மாற்றும் கால் தீர்மானிக்கிறது. 3000இல் கையை முழுதாகத் திருகினாலும் நொடிக்கு 25தான். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி வருவது. சுழற்சி பாதியாக இருக்கும்போது கை எவ்வளவு கெஞ்சினாலும் கணக்கு கேட்காது.

காலையில் நான் செய்தது இன்னொரு வகையிலும் தப்பு. சுழற்சி குறைந்து சுமை கூடியிருக்கும்போது, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் கிடக்கும் நேரம் அதிகம். சுடர் போய்ச் சேருமுன் ஒரு மூலையில் அது தானாகவே பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தட்டும். கிராங்க் மெதுவாகச் சுற்றும்போது பேரிங்குகளில் எண்ணெய்ப் படலமும் மெலிந்துவிடும். மெதுவாகச் சுற்றினால் இன்ஜினுக்கு ஓய்வு என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டு மெதுவாக நட என்று சொல்வதுபோல்தான் அது.

சமதரையில் கை கால்வாசி மட்டுமே திறந்து, சுமையில்லாமல் போகும்போது ஐந்தாவது கியர் நல்லதுதான், மைலேஜும் தரும். அதற்குத்தான் அது இருக்கிறது. இன்று லிட்டருக்கு 41 கி.மீ. வந்திருக்கிறது.

இரண்டாம் நாள்: சமவெளி, 180 கி.மீ.

கிளம்பி ஒரு மணி நேரத்தில் ஆர்பிஎம் முள் துடித்தது, பூஜ்யத்தில் விழுந்தது, எழவில்லை. கேபிள் உள்ளே அறுந்திருக்கிறது. வேகமுள்ளுக்குத் தனிக் கேபிள் என்பதால் அது மட்டும் பிழைத்தது. நேற்றுத்தான் முள்ளின் அருமை தெரிந்தது, இன்று அது இல்லை.

அண்ணன் வண்டியில் ஆர்பிஎம் முள்ளே கிடையாது. “காது எதற்கு இருக்கிறது?” என்றார். எனக்குக் காதின்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலில் 4000க்கும் 5000க்கும் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

எனவே மதியம் கணக்குப் போட்டேன். இதற்கு வண்டியோடு வந்த கையேடும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். கிராங்கிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும்போது சுழற்சி 3இல் ஒன்றாகக் குறைகிறது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் முன்னால் 15 பல், பின்னால் 42, அங்கே 2.8இல் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 8.4. பின் டயரில் சுண்ணக்கோடு போட்டு, நான் ஏறி உட்கார்ந்து, அண்ணன் ஒரு சுற்று தள்ளினார். தரையில் இரண்டு கோடுகளுக்கும் இடையே 2 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர், அதாவது சக்கரம் 500 சுற்று. மணிக்கு ஒரு கி.மீட்டருக்கு 8.33 சுற்று. இதை 8.4ஆல் பெருக்கினால், கணக்கு வாத்தியார் கொடுத்ததுபோல் முழுசாக 70 வந்தது.

அந்த 70ஐ அந்தந்தக் கியரின் விகிதத்தால் பெருக்கினால் போதும். முதல் கியர் 2.8, பிறகு 1.9, 1.4, 1.1, கடைசியாக 0.9. பெருக்கிக் கிடைத்த எண்களை வெள்ளை ஒட்டுப்பட்டையில் எழுதி டேங்கின்மேல் ஒட்டினேன்: 196, 133, 98, 77, 63. வேகத்தை அந்த எண்ணால் பெருக்கினால் ஆர்பிஎம். 60இல் ஐந்தாவது கியர் 3780. நான்காவது 4620, மூன்றாவது 5880, இரண்டாவது 7980. முதல் கியர் 11,760. அதாவது சிவப்புக் கோட்டைத் தாண்டி, வால்வுகள் பிஸ்டனைப் போய் முத்தமிடும் இடம்.

அந்தக் கடைசி எண்ணைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சில வண்டிகளில் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் இருக்க ஒரு கட்டுப்பாடு உண்டு. அது தீப்பொறியையோ பெட்ரோலையோ நிறுத்தும். ஆனால் வேகமாகப் போகும்போது தவறிப்போய் இரண்டு கியர் இறக்கிக் கிளட்ச்சை விட்டால், இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். சக்கரத்தை நிறுத்த எந்தக் கட்டுப்பாட்டாலும் முடியாது.

ஒரு சின்ன உறுத்தல். நேற்று லாரிக்குப் பின்னால் 50இல் முள் 3000 காட்டியது. என் கணக்கின்படி 3150. மூன்றாவதில் 4900 வர வேண்டும், முள் காட்டியதோ 4600க்குச் சற்று மேல். சாகப்போகிற கேபிள், பொய் சொல்லியிருக்கிறது என்று தீர்மானித்தேன்.

மூன்றாம் நாள்: எதிர்க்காற்று, 240 கி.மீ.

நாள் முழுக்க முகத்துக்கு நேரே காற்று. 80இல் நிலைத்துப் போகலாம் என்று ஐந்தாவதில் வைத்தேன். ஒட்டுப்பட்டைக் கணக்கில் 5040. கையை முழுதாகத் திருகியும் முள் 80க்கும் 76க்கும் நடுவில் நொண்டியது. சலித்துப்போய் நான்காவதுக்கு இறக்கினேன். வண்டி 80க்குப் போய், 85க்கும் போனது. கடைசிக் கியரைவிட அதற்கு முந்தைய கியரில் வேகம் அதிகம்!

காரணம் ஒன்றும் மாயமில்லை. காற்றின் தடை, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இல் போகும் வண்டிக்கு எதிரே 30இல் காற்று அடித்தால், தடையைப் பொறுத்தவரை அது 110. வர்க்கம் போட்டால் காற்றுத் தடை 1.9 மடங்கு, ஏறக்குறைய இரட்டிப்பு. ஐந்தாவதில் 5040இல் என் இன்ஜினிடம் அத்தனை திறன் இல்லை. நான்காவதில் 6160, முறுக்குவிசையின் உச்சிக்குப் பக்கத்தில். அங்கே இருக்கிறது.

ஐந்தாவது கியரை எப்போதும் பரிசு மாதிரிப் பார்த்திருக்கிறேன். ஏறிவிட்டால் இறங்குவது தோல்வி. இன்று 240 கி.மீட்டரில் முக்கால்வாசி நான்காவதில் போனேன். உடம்புக்குக்கூட அதுதான் இதமாக இருந்தது. கை முழுதாகத் திறந்திருக்கும்போது இன்ஜினிடம் மிச்சம் எதுவும் இல்லை. ஒரு ஏற்றம் வந்தாலும் பதில் சொல்ல முடியாது. நான்காவதில் கை பாதியில் நின்றது. அந்தப் பாதி மிச்சம் இருக்கிறது என்ற எண்ணமே தோள்களைத் தளர்த்தியது.

6160இல் இப்படி மணிக்கணக்காகச் சுற்றலாமா என்ற பயம் இருந்தது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிஸ்டன் ஓட்டம் 58 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு மேலும் கீழுமாக 116. 6160 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சராசரி 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிவப்புக் கோட்டில் நொடிக்கு 18க்கு மேல். அதைத் தாங்கும்படி கட்டிய இன்ஜின் இதைத் தாங்கும், எண்ணெய் சரியாக இருந்தால். மாலை நின்றதும் எண்ணெய் அளவைத்தான் முதலில் பார்த்தேன், சரியாக இருந்தது. மைலேஜ் 33. அதைக் காற்றின் கணக்கில் எழுத வேண்டும், கியரின் கணக்கில் அல்ல.

நான்காம் நாள்: மலை ஏற்றம், 95 கி.மீ.

தூரம் குறைவு, எழுத நிறைய.

அடிவாரத்திலிருந்து 1900 மீட்டர் உயரம்வரை ஏற்றம். முதல் பத்து கி.மீட்டரில் கண்டது: என் வண்டியின் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 45இல் இரண்டாவது கியர் 5985, அலறுகிறது. மூன்றாவது 4410, முனகுகிறது. ஏற்றத்துக்கு ஏற்ற வேகம் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நின்றது. நான் மேலே போட்டேன், முனகியது, கீழே போட்டேன், அலறியது. அரை மணி நேரத்தில் இடது கால் கட்டைவிரல் வலித்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார். “ஏன் இப்படிக் கியரோடு சண்டை போடுகிறாய்? அலறினால் அலறட்டும், விடு.”

“இன்ஜின் வீணாகிவிடாதா, அண்ணா?”

“சத்தம் போடுகிற பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், தம்பி. சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.”

அதன் பிறகு இரண்டாவதிலேயே விட்டேன். 6000 என்பது இந்த வண்டிக்கு அலறல் அல்ல என்று சம்மதிக்க எனக்கு இன்னும் பத்து கி.மீ. பிடித்தது. சத்தத்தை வலி என்று நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் வலிக்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கூட்டுவதில்லை. குரலைத் தாழ்த்தி உடம்பை உதறுகிறது. கைப்பிடியிலும் கால்தாங்கியிலும் தெரியும் அந்த உதறல்தான் எனக்குக் கிடைத்த முதல் நம்பகமான முள். காது வரவில்லை, உள்ளங்கை வந்துவிட்டது.

பிறகு கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் கிட்டத்தட்ட விழுந்தேன். உள்பக்கமாகத் திரும்பும் வளைவு, வேகம் 15க்கு இறங்கிவிட்டது, கியர் இரண்டாவது. ஒட்டுப்பட்டைக் கணக்கில் 1995. வண்டி சாய்ந்திருக்கிறது, ஏற்றம் செங்குத்து, இன்ஜின் இரண்டு முறை விக்கியது. சாய்ந்து போகும் வண்டியை நிமிர்த்துவது சக்கரத்துக்கு வரும் இழுவைதான். அது நின்றால் வண்டி அந்தப் பக்கமே படுத்துக்கொள்ளும். கிளட்ச்சைப் பிடித்தேன், காலை ஊன்றினேன், ஊன்றிய இடம் சரிவு. எப்படியோ நின்றேன். நல்லவேளையாகப் பின்னால் அண்ணனைத் தவிர யாரும் இல்லை.

“அந்த வளைவுக்கு உன் வண்டி முதல் கியர் கேட்கிறது, இரண்டாவது கேட்பது உன் மானம்” என்றார்.

முதல் கியரில் அதே 15 கி.மீ. 2940. விக்காது. ஆனால் முதல் கியரில் கையின் ஒவ்வொரு அசைவும் பெரிதாகிச் சக்கரத்துக்குப் போகும், உலுக்கும். அதைச் சமாளிக்கக் கிளட்ச்சைப் பாதிப் பிடியில் தேய்த்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி திரும்ப வேண்டும். இன்னொன்று, வளைவின் உள்விளிம்பில் சாலை மிகச் செங்குத்தாக இருக்கும், வெளிவிளிம்பில் அதே ஏற்றம் நீண்டு தணிந்திருக்கும். எதிரே வருவது தெளிவாகத் தெரியும் இடத்தில், என் பாதைக்குள்ளேயே முடிந்த அளவு வெளியே தள்ளித் திரும்பினால் இரண்டாவதே போதுமாக இருந்தது. வளைவின் நடுவில் கியர் மாற்றப் பார்ப்பது மட்டும் கூடாது. கிளட்ச் பிடித்த நொடியில் இழுவை போகிறது, முன்பக்கம் அமிழ்கிறது, வண்டி நினைத்த கோட்டிலிருந்து நழுவுகிறது. திரும்புமுன் முடித்துவிட வேண்டிய வேலை அது.

லாரிக்குப் பின்னால் கற்றதும் இதேதான் என்று பதினோராவது வளைவில் உறைத்தது. நான் எப்போதும் இப்போது போகிற வேகத்துக்குக் கியர் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் இன்னும் சில நொடிகளில் கைக்கு என்ன தேவைப்படும் என்று பார்த்துப் போடுகிறார்.

உச்சிக்கு வரும்போது என் வண்டி களைத்திருந்தது. காற்று மெலிய மெலியத் திறனும் குறையும். ஆயிரம் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு என்று தோராயமாகச் சொல்லலாம். 1900 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதோடு கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டேயிருக்கும். புகையில் பெட்ரோல் வாடை. அண்ணனின் வண்டியில் ஒரு சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துக் குறைத்துவிடும். கீழே மூன்றாவதில் ஏறிய அதே சரிவு மேலே இரண்டாவது கேட்டது. சரிவு மாறவில்லை, வண்டிதான் சின்னதாகிவிட்டது.

ஐந்தாம் நாள்: மழை, 40 கி.மீ.

மழையில் முதல் நாள் பாடத்தைத் தலைகீழாகப் போட வேண்டியிருந்தது. ஈரச் சாலையில் கீழ்க் கியரில் உயர் சுழற்சியோடு போனால், கை ஒரு நூல் அதிகம் திருகினாலும் பின் சக்கரம் வழுக்கும். ஒரு கியர் மேலே போட்டு, கை அசைவு சக்கரத்துக்கு மெத்தென்று போய்ச் சேரும்படி ஓட்டினேன்.

ஒரே ஒரு முறை சறுக்கினேன். காரணம் பிரேக் அல்ல. 50இல் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கி, கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். மூன்றாவதில் 4900, இரண்டாவதில் 6650. நடுவில் இருக்கும் 1750 சுற்றை இன்ஜின் எங்கிருந்தாவது வாங்க வேண்டும். பின் சக்கரத்திடமிருந்து பிடுங்கியது. சக்கரம் ஒரு கணம் பிடிபட்டு, வால் இடப்பக்கம் போய் வந்தது. கிளட்ச் பிடித்திருக்கும்போதே கையை ஒரு சின்ன உந்து உந்தி, சுழற்சியை ஏற்றிவிட்டுப் பிறகு விட்டால் இந்த வம்பு இல்லை. உலர்ந்த சாலையில் இந்தச் சோம்பலை வண்டி மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறது.

மதியத்துக்குமேல் நின்றுவிட்டோம். நனைந்த கையுறையோடு வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

ஆறாம் நாள்: இறக்கம், 110 கி.மீ.

மேலே ஏறியவன் இறங்க வேண்டுமே. மலைப்பாதைகளில் ஒரு பழைய விதி உண்டு: எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இரண்டாவதில் ஏறினேன், இரண்டாவதில் இறங்கினேன். கை முழுதாக மூடியிருக்கும்போது, இன்ஜின் மூடிய கதவு வழியாகக் காற்றை உறிஞ்சப் பார்த்துத் தவிக்கிறது. அந்தத் தவிப்பும் உள்ளே நடக்கும் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பிடித்து இழுக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை முறை தவிக்கிறதோ அத்தனை பிடி. கீழ்க் கியர், அதிகச் சுழற்சி, அதிகப் பிடி.

முன்னால் ஒருவர் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், பின்னால் ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு வழுக்கி இறங்கினார். பிரேக் லைட் அணையவேயில்லை. இரண்டு வளைவுகளுக்குப் பிறகு அவருக்குப் பின்னால் கருகிய வாடை வந்தது. தொடர்ந்து பிடித்த பிரேக் சூடேறினால் பிடி தளரும்; டிஸ்க் பிரேக்காக இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெயும் கொதித்துக் குமிழ் விடும், அப்போது பிரேக் நெம்புகோல் பஞ்சுபோல் உள்ளே போகும். அவர் ஒரு திருப்பத்தில் நிறுத்தி இளைப்பாறினார். அண்ணன் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்து, “பெட்ரோல் மிச்சமாம்” என்றார்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி கையை முழுதாக மூடி இறங்கினால், சுழற்சி ஓரளவு இருக்கும்வரை பெட்ரோலை அது முழுதாகவே நிறுத்திவிடும். இன்ஜினைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறதே. அப்படிப்பட்ட வண்டியில் இன்ஜின் ஓட, நியூட்ரலில் இறங்கினால்தான் செலவு. என் கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி இல்லை, சொட்டுச் சொட்டாக ஊற்றும். இன்ஜினையே அணைத்தால் மிச்சம்தான். அந்தச் சொட்டுகளுக்கு ஈடாக அவர் கொடுத்தது இரண்டு பிரேக்குகளில் பாதியையும், எந்த நொடியும் இழுத்துத் தப்பும் வசதியையும். வேகம் கூடிய பிறகு அணைந்த வண்டியில் சரியான கியரைத் தேடிப் பிடிப்பதும் லேசல்ல.

இன்ஜின் பிடியில் ஒரே ஒரு குறை கண்டேன். பிரேக் லைட் எரியாது. கையை மூடி 45இலிருந்து 25க்கு வந்துவிட்டேன், பின்னால் வந்த காருக்கு என் வால் விளக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஹாரன் சொன்னது. அதற்குப் பிறகு, கையை மூடும்போதெல்லாம் முன் பிரேக் நெம்புகோலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுக்கொண்டேன்.

பாதி இறக்கத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. கால்மணி நேரமாக ஒட்டுப்பட்டையைப் பார்க்கவேயில்லை.

ஏழாம் நாள்: மண்சாலை, நெரிசல், கேபிள், 205 கி.மீ.

சாலை வேலை நடந்ததால் 12 கி.மீ. மண்ணிலும் ஜல்லியிலும் போனோம். கால்தாங்கியில் எழுந்து நின்று, இரண்டாவதில், கையை ஒரே அளவில் வைத்து உருள வேண்டும். மணலில் கையை மூடினால் எடை முன் சக்கரத்துக்குப் போகும். முன் சக்கரம் புதையும். பிறகு நீங்கள் தரையில். திறந்தே வைத்திருக்க மனத்துணிவு வேண்டும், அந்தத் துணிவுக்குக் கொஞ்சம் சுழற்சி கையிருப்பில் வேண்டும்.

பிறகு நகர நெரிசல். சிக்னலில் நின்ற பிறகு நான்காவதிலிருந்து முதலுக்கு இறக்கப் பார்த்து மிதித்துக்கொண்டே இருந்தேன், இறங்கவில்லை. பைக்கின் கியர்கள் வரிசையாகத்தான் போகும், உள்ளே பற்கள் ஒன்றோடொன்று நேராகச் சேர அவை கொஞ்சமாவது சுற்ற வேண்டும். நிற்பதற்கு முன்பே உருளும்போது இறக்கிவிட வேண்டும். பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். வண்டியைக் காலால் ஓரடி தள்ளி, கிளட்ச்சைச் சற்றே விட்டுப் பிடித்து, முதலைப் பிடித்தேன். மலையில் பாடம் படித்தவன் சிக்னலில் தோற்றேன்.

மாலை ஒரு மெக்கானிக் கேபிள் மாற்றிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. முள் எழுந்து நின்றபோது பழைய நண்பனைப் பார்த்ததுபோல் இருந்தது. காலியான சாலையில் 60, ஐந்தாவது கியர். ஒட்டுப்பட்டைக் கணக்கில் 3780 வர வேண்டும். முள் 3600.

புதுக் கேபிளும் பொய் சொல்லுமா? முதல் நாள் 50இல் 3000, அதே விகிதம். அப்போதுதான் சந்தேகம் வேறு முள்ளின்மேல் விழுந்தது. சாலையோரக் கி.மீ. கற்களைப் பிடித்தோம். வேகமுள்ளை 60இல் அசையாமல் வைத்தேன். அண்ணன் தன் வண்டியில் பின்னால் வந்தார், நான் கல்லுக்குக் கல் நொடி எண்ணினேன். 60 என்றால் ஒரு கி.மீட்டருக்கு 60 நொடி. 63 ஆனது. அடுத்த கல்லும் 63. உண்மையான வேகம் 57. 57ஐ 63ஆல் பெருக்கினால் 3591.

உண்மையைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதால் வேகமுள்களைக் கொஞ்சம் முன்னே தள்ளித்தான் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கேபிளைக் குற்றவாளியாக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. காற்றில் 80 என்று நான் எழுதியது 76; ஏழாவது வளைவில் 15 என்பது 14, சுழற்சி 1900க்கும் கீழே.

“நீ 60இல் போகும்போதெல்லாம் என் வண்டியில் 58தான் காட்டியது” என்றார் அண்ணன்.

“முதல் நாளிலிருந்தேவா?”

“முதல் நாளிலிருந்தே. என் முள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.”

தங்கும் இடத்தில் பேனாவை எடுத்து, ஒட்டுப்பட்டையில் 63ஐ அடித்து 60 என்று எழுதினேன். 77 இனி 73. மிச்சம் மூன்றுக்கும் பட்டையில் இடமில்லை.